போன் கேட்கிறதா, நாம் கேட்கிறோமா?

கேள்வி: எனக்கு 46 வயது. மகளுக்கு 16. இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்போன் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் மூன்று மாதமாக வீட்டில் ஒரே பேச்சு: “போன் ஸ்லோவா இருக்கு, சார்ஜ் நிக்கல, போட்டோ நல்லா வரல, எல்லார்கிட்டயும் புது மாடல் இருக்கு.” இந்த வயதில் எதற்குப் போன் மாற்ற வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். “நீங்க மட்டும் போன வருஷம் மாத்தினீங்களே?” என்றாள். வேலைக்குத் தேவைப்பட்டது என்றேன். “அந்தப் பழைய போனைத்தானே இப்ப பாட்டி வச்சிருக்காங்க? அதுல என்ன குறை?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. என் அம்மா அந்தப் போனைப் பற்றி இன்றுவரை ஒரு குறையும் சொன்னதில்லை. புதுப் போன் ஆசை பிள்ளைகளுக்கு மட்டும்தானா, பெரியவர்களுக்கும் உண்டா? அவளுக்கு வாங்கிக் கொடுக்கலாமா, வேண்டாமா?

பதில்:

உங்கள் மகள் நல்ல வக்கீலாக வருவாள். சாட்சியைச் சரியாகப் பிடித்திருக்கிறாள். பாட்டியின் கையில் இருக்கும் அந்தப் போனை அவள் தினமும் பார்க்கிறாள். வீடியோ கால் பேசுகிறது, செய்தி காட்டுகிறது, படம் எடுக்கிறது. “வேலைக்குத் தேவைப்பட்டது” என்ற உங்கள் வாக்குமூலம் அந்த ஒரு சாட்சியிலேயே விழுந்துவிட்டது. அவளுக்கு என்ன சொல்வது என்று யோசிப்பதற்கு முன்னால், உங்களுக்கு நீங்களே என்ன சொல்லிக்கொண்டீர்கள் என்று பார்த்துவிடுவோம். குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் நானும் மாட்டிக்கொண்டவன்தான், அந்தக் கதை பின்னால் வருகிறது.

குடும்ப ஆலோசகராக என் அறைக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் போனை ஒரு புகாராகத்தான் கொண்டுவருகிறார்கள். பிள்ளை அதைக் கீழே வைப்பதில்லை என்பது பழைய புகார். புதுசு கேட்டு அடம் பிடிக்கிறான் என்பது சில வருடங்களாக வருகிற புகார். அப்படி அழைத்துவரப்பட்ட ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். பேசுவதற்கு உட்கார்ந்ததும் போனைத் திரை மேலே தெரியும்படி மேஜையில் வைத்தான். நான் தண்ணீர் ஊற்றிக் கொடுக்க இடம் வேண்டி அதைக் கொஞ்சம் நகர்த்தப் போனேன். சட்டென்று கை நீட்டித் தானே நகர்த்தினான், அதுவும் திருப்பாமல், மேஜையோடு தேய்த்தபடி. பிறகு இன்னொரு நாள் இயல்பாகப் பேச்சு வந்தபோது காரணம் சொன்னான்: “பின்னாடி ரெண்டு கேமராதான் சார் இருக்கு.”

எனக்கு அன்றுதான் ஒன்று உறைத்தது. போனின் முன்பக்கத்தைப் பார்ப்பவர் அதன் சொந்தக்காரர். பின்பக்கத்தைப் பார்ப்பவர்கள் மற்றவர்கள். காதில் வைத்துப் பேசும்போதும், கண்ணாடி முன் படம் எடுக்கும்போதும், எதிரே இருப்பவருக்குத் தெரிவது முதுகுதான். புது மாடலைப் பழசிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்களும் அங்கேதான் இருக்கின்றன: கேமரா எத்தனை, எப்படி அடுக்கியிருக்கிறது, என்ன நிறம். திரையில் ஓடுவது ஏறக்குறைய எல்லாப் போன்களிலும் ஒன்றுதான். அந்தப் பையன் தன் போனில் எதையும் செய்ய முடியாமல் தவிக்கவில்லை. அதன் முதுகை மறைக்க முடியாமல்தான் தவித்தான்.

டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-இல் இதைப் பற்றி எழுதினார். பதின்ம வயதில் ஒரு பிள்ளை தன்னைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாக உணர்கிறது. அது கற்பனைப் பார்வையாளர் கூட்டம் என்றார். முகத்தில் ஒரு பரு வந்தால் ஊரே அதைப் பார்ப்பதாகத் தோன்றுவது இதனால்தான். ஆனால் “எல்லாம் உன் கற்பனை” என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். போன் விஷயத்தில் பார்வையாளர்களில் பாதிப் பேராவது நிஜம். யாரிடம் என்ன மாடல் என்று அந்த வயதுப் பிள்ளைகள் கவனிக்கத்தான் செய்கிறார்கள், சில சமயம் வாய்விட்டும் சொல்கிறார்கள். உங்கள் மகளின் நான்கு குறைகளில் கடைசியாக வந்தது “எல்லார்கிட்டயும் இருக்கு” என்பது. கடைசியாகச் சொல்வதுதான் பெரும்பாலும் முதல் காரணம். மற்ற மூன்றும் உங்களைப் போன்ற ஆளிடம் செல்லுபடியாகும் காரணங்கள் என்று அவளுக்குத் தெரியும்.

இனி பெரியவர்கள். நமக்கும் பார்வையாளர்கள் உண்டு. கூட்டம் நடக்கும் மேஜையில் போனைக் கவிழ்த்து வைக்கும்போது எந்தப் பக்கம் தெரிகிறது? மனிதன் தன்னை மதிப்பிட அளவுகோல் கிடைக்காதபோது அக்கம்பக்கத்தாரோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுகிறான் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் சொன்னார். பதினாறு வயதோடு அந்த ஒப்பீடு முடிந்துவிடும் என்று அவர் சொல்லவில்லை. வயது ஏற ஏற ஆசை குறைகிறதோ இல்லையோ, அதைச் சொல்லும் மொழி மாறிவிடுகிறது. பிள்ளை “எனக்கு வேணும்” என்கிறது. நாம் “வேலைக்குத் தேவை”, “பாதுகாப்புக்கு நல்லது”, “குழந்தைகளை நல்லா படம் எடுக்கலாம்”, “எப்படியும் இன்னும் ஆறு மாசத்துல மாத்தித்தான் ஆகணும்” என்கிறோம். சிலருக்கு இவை உண்மையாகவே இருக்கும். எல்லோருக்கும் ஒவ்வொரு முறையும் உண்மையாக இருக்க முடியாது.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. உங்கள் மகள் ஒரு போன் வேண்டுமென்றால் மூன்று மாதம் வாதாட வேண்டியிருக்கிறது. நீங்கள் யாரிடமும் வாதாடவில்லை. உங்கள் வழக்கை விசாரிக்க ஆளே இல்லை. விருப்பம் வந்த அன்றே தீர்ப்பும் வந்துவிட்டது. அதனால்தான் “அடம்” என்ற சொல் பிள்ளைகளுக்கு மட்டும் ஒட்டிக்கொள்கிறது. சம்பாதிக்கிறவரின் அடம் யார் கண்ணிலும் படுவதில்லை.

என் கதையைச் சொல்கிறேன். போன வருடம் என் போன் சார்ஜ் ஏறுவதில் தகராறு செய்தது. வயரை ஒரு பக்கமாக அழுத்தி, மேலே ஒரு புத்தகத்தை வைத்தால்தான் ஏறும். ஒரு வாரம் அப்படி ஓட்டினேன். அந்த ஒரு வாரத்தில் நான் புது மாடல்களைப் பற்றிப் படித்ததும் பார்த்ததும் ஒரு பரீட்சைக்குப் படித்த அளவு இருக்கும். எதை வாங்குவது என்று முடிவும் செய்துவிட்டேன். சரி, பழையதைச் சரிசெய்து யாருக்காவது கொடுக்கலாமே என்று பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் போனை விளக்குக்கு நேராகப் பிடித்து, சார்ஜ் ஏற்றும் துளைக்குள் மெல்லிய குச்சி ஒன்றை விட்டுச் சுரண்டினார். சட்டைப்பையில் சேரும் பஞ்சு, ஒரு சிட்டிகை அளவு, அப்படியே கட்டியாக வெளியே வந்தது. வயரைச் செருகினார். ‘க்ளக்’ என்று உட்கார்ந்தது. ஏறியது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஏமாற்றம். “அவ்வளவுதானா, வேற எதுவும் ரிப்பேர் இல்லையா?” என்று இரண்டு முறை கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. போன் கெட்டுவிட்டதால் புதுசு தேடினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புதுசு தேடுவதற்கு அது கெட்டுப்போனது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது. மனது ஒருமுறை புதியதற்குப் போய்விட்டால் கையில் இருக்கும் போன் அடிக்கடி கீழே விழ ஆரம்பிக்கும் என்பதையும் கவனித்திருக்கிறேன். என்னிடம் மட்டுமல்ல.

இந்த ஆசையை நாம் தனியாக உண்டாக்கிக்கொண்டோம் என்று நினைக்க வேண்டாம். முதல் ஐபோன் 2007-இல் வந்தது. அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு மாடல் என்பது பஞ்சாங்கம் போல ஆகிவிட்டது. போன் தொழில் கண்டுபிடித்த பழக்கமும் அல்ல இது. 1920-களில் ஆல்ஃபிரட் ஸ்லோன் தலைமையில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றத் தொடங்கியது. போன வருடத்துக் காரை வைத்திருப்பவருக்கு அது பழசாகத் தெரிய வேண்டும் என்பது கணக்கு. 1954-இல் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற வடிவமைப்பாளர் இதை இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: தேவைப்படுவதற்குச் சற்று முன்பே, சற்றுப் புதியதை, சற்று மேலானதை வாங்கும் ஆசையை வாங்குபவர் மனதில் விதைப்பதுதான் வேலை என்றார். உங்கள் மகள் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பே அவளுக்காக எழுதி வைத்தது போல இருக்கிறது. உங்களுக்காகவும்தான்.

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பது நம் பழமொழி. வேறு விஷயத்துக்குச் சொன்னது என்றாலும் போனுக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகிறது. புதிய சந்தோஷம் சீக்கிரமே பழகிப்போய் மனம் பழைய நிலைக்கே திரும்பிவிடும் என்பதை பிரிக்மன், கேம்பெல் என்ற இரு உளவியலாளர்கள் 1971-இல் ஓடுபொறியில் (ட்ரெட்மில்லில்) ஓடுவதற்கு ஒப்பிட்டார்கள். உங்கள் புதுப் போனை முதல் வாரம் எத்தனை முறை துணியால் துடைத்தீர்கள், இப்போது எத்தனை முறை துடைக்கிறீர்கள்?

இதையெல்லாம் படித்துவிட்டு, “பார், எல்லாம் வெறும் ஆசைதான்” என்று மகளிடம் போய் நிற்காதீர்கள். போன் நிஜமாகவே கேட்கும் சமயங்களும் உண்டு. அவள் சொன்ன “ஸ்லோ”வும் “சார்ஜ் நிக்கல”வும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு வருடத்தில் இந்தக் குறைகள் வருவதற்குக் காரணம் இருக்கிறது.

பேட்டரி தேய்கிற பொருள். ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முழுச் சுற்று சார்ஜ் முடியும்போது முதலில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதம் மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிளே சொல்கிறது. ஐபோன் 15 முதல் அது 1000 சுற்று. ஒரு சுற்று என்றால் ஒரு முறை வயரைச் செருகுவது அல்ல. மொத்தமாக நூறு சதவீதம் செலவழிப்பது. இன்று பாதி, நாளை பாதி என்றால் இரண்டு நாள் சேர்ந்து ஒரு சுற்று. உங்கள் மகளின் போன் எந்த நிறுவனத்துடையது, எந்த மாடல் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு மாறும். பதினாறு வயதில் ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்பது அடக்கமான மதிப்பீடு. 500 சுற்றுப் பேட்டரி என்றால் ஒன்றரை வருடத்தில் முடிந்துவிடும். “ரெண்டு வருஷத்துல போன் போயிடுச்சு” என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, போனதென்னவோ பேட்டரி மட்டும்தான்.

வேகமும் அதோடு சேர்ந்து போகலாம். 2017 டிசம்பரில் நடந்தது இது. ஐபோன் வைத்திருந்த ஒருவர் பேட்டரியை மாற்றியதும் போனின் வேகம் ஏறியதைப் பார்த்து இணையத்தில் எழுதினார். பிறகு மற்றவர்களும் அளந்து பார்த்தார்கள். பேட்டரி பலவீனமானால் போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, மென்பொருள் வழியாக அதன் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் ஒப்புக்கொண்டது. சொல்லாமல் செய்ததற்கு மன்னிப்பும் கேட்டது, பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தது. வாங்கியவர்களிடம் சொல்லாமல் மறைத்ததற்காகப் பிரான்ஸ் நாட்டு அதிகாரிகள் 2020-இல் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தார்கள். போன் கிழவனாகிவிட்டது என்று நம்பி அதற்கு முன்பே புதுசு வாங்கியவர்கள் எத்தனை பேரோ. ஒரு பேட்டரியில் முடிந்திருக்க வேண்டிய கதை.

பேட்டரி சரியாக இருந்தும் போன் தள்ளாடினால், நினைவகம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். குழு அரட்டையில் தானாக இறங்கிக் கிடக்கும் வீடியோக்களை அழித்தாலே பாதிப் போன்கள் எழுந்து உட்கார்ந்துவிடும். படம் நன்றாக வரவில்லை என்றால் முதலில் லென்ஸைத் துடைக்கச் சொல்லுங்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், இன்னும் மூன்று மாதம் பேசமாட்டாள். பேட்டரி உப்பித் திரை மேலே தூக்கியிருந்தால் அது வேறு விஷயம். அதை அழுத்தவோ சார்ஜ் போடவோ கூடாது, அன்றைக்கே கொடுத்து மாற்றியாக வேண்டும்.

மாற்றித்தான் தீர வேண்டும் என்று நான் ஒப்புக்கொள்ளும் முதல் காரணம் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோவது. போனில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைத்து அவ்வப்போது நிறுவனம் அனுப்புவது அது. பணப் பரிமாற்றமும் வங்கிக் கணக்கும் போனில் இருக்கும்போது இதில் அலட்சியம் கூடாது. பல ஆண்ட்ராய்டு போன்களுக்கு முன்பெல்லாம் இரண்டு மூன்று வருடத்தில் இது நின்றுவிடும். 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கு கூகுளும், 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் ஏழு வருடம் தருவதாக அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியமோ 2025 ஜூன் 20 முதல் இதை விதியாகவே ஆக்கிவிட்டது: அங்கே விற்பனைக்கு வரும் போன் மாடலுக்கு, விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருடம் அப்டேட் வர வேண்டும், பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். செயலிகள் கைவிடுவது அடுத்த காரணம். அது நாம் பயப்படும் அளவுக்குச் சீக்கிரம் வருவதில்லை. 2013, 2014-இல் வந்த ஐபோன் 5எஸ், ஐபோன் 6 இரண்டிலும் வாட்ஸ்அப் 2025-இல்தான் நின்றது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். ஒரு நாள் சாவகாசமாக மகளோடு உட்காருங்கள். அவள் போனையும் உங்கள் போனையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் ஒரே மூன்று விஷயத்தைப் பாருங்கள்: பேட்டரியின் நிலை, கடைசிப் பாதுகாப்பு அப்டேட் வந்த தேதி, நினைவகத்தில் மிச்சமிருக்கும் இடம். அமைப்புகளுக்குள் போய் அவளே தேடட்டும். உங்களைவிட வேகமாகக் கண்டுபிடிப்பாள். போன் உண்மையிலேயே என்ன கேட்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். இரண்டு வருடப் போன் என்பதால் பேட்டரி மாற்றினால் போதும் என்றுதான் முடிய வாய்ப்பு அதிகம். அப்டேட் நின்றிருந்தால் முகம் சுளிக்காமல் வேறு வாங்கிக் கொடுங்கள். கடைசியாக வந்த மாடல்தான் வேண்டும் என்பதில்லை, இன்னும் அதிக வருடம் அப்டேட் பாக்கியிருக்கும் போன வருடத்து மாடலாக இருக்கலாம். கொடுக்கும்போது சொல்லிக் காட்டாதீர்கள்.

பாதி வேலைதான் இது. மீதி, அந்த நான்காவது காரணம். “யார்கிட்ட என்ன மாடல் இருக்கு?” என்று சும்மா பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். யாராவது கிண்டல் செய்தார்களா, ஏதாவது குழுவில் சேர்க்காமல் விட்டார்களா என்பது அப்போது தானாக வரும். வந்தால், பேச வேண்டியது போனைப் பற்றி அல்ல. வராவிட்டால் தோண்டாதீர்கள். அதற்கு முன்னால் நீங்கள் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது: “போன வருஷம் நான் மாத்தினது வேலைக்காக இல்லம்மா. பார்த்ததும் ஆசையா இருந்துச்சு, வாங்கிட்டேன்.” சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அப்பா உண்மையைச் சொல்லும் வீட்டில் பிள்ளை கேமராவைக் காரணம் காட்ட வேண்டிய அவசியம் இருக்காது. ஆசை என்றால் ஆசை என்றே கேட்கலாம்; கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

மதிப்பெண்ணுக்குப் பரிசாகப் போன் என்ற பேரத்துக்கு மட்டும் போகாதீர்கள். பரிசுக் கோப்பையாக ஆக்கினால் அதன் விலை இன்னும் ஏறும். அதற்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு விதி வையுங்கள்: அப்டேட் நிற்கும்வரை அல்லது பழுது பார்ப்பது கட்டுப்படியாகாமல் போகும்வரை போன் மாற்றுவதில்லை, அதற்கு முன்பே ஆசை வந்தால் முப்பது நாள் கழித்துப் பேசலாம். மோகத்தின் ஆயுள் எவ்வளவு என்று அதற்குள் தெரிந்துவிடும். இது உங்களுக்கும் சேர்த்துத்தான். அடுத்த முறை நீங்களும் அவளிடம் வந்து காரணம் சொல்ல வேண்டும். அவள் எவ்வளவு கறாரான நீதிபதி என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

இன்னொன்று. இரண்டு போனை மேஜையில் வைக்கச் சொன்னேன் அல்லவா, மூன்றாக வையுங்கள். நீங்கள் அம்மாவுக்குக் கொடுத்த போனில் கடைசியாக அப்டேட் வந்தது எப்போது? அவர் குறை சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்டேட் நின்றுபோனால் போனும் குறை சொல்லாது, வழக்கம் போல ஓடிக்கொண்டே இருக்கும். அவர் அதில் பணம் அனுப்புகிறவர், வங்கிக் கணக்கைப் பார்க்கிறவர் என்றால், உங்கள் வீட்டில் முதலில் மாற்ற வேண்டிய போன் அதுவாகக்கூட இருக்கலாம்.